கையெழுத்துக்கு முன் துவக்கைப் பாருங்கள்

நான் கிராம அலுவலராக இருந்த இருபத்துநாலு வருடத்தில் துவக்கு லைசன்ஸ் சம்பந்தமாக என் மேசைக்கு வந்த கடதாசிகள் முப்பதைத் தாண்டாது. வதிவிடச் சான்றிதழ், நிவாரணம், காணிப் பிணக்கு, வாக்காளர் இடாப்பு என்று ஆயிரக்கணக்கில் கையெழுத்து வைத்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு நித்திரை வராத இரவுகளில் நினைவுக்கு வருவது அந்த முப்பதில் ஒன்றுதான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். லைசன்ஸ் வைத்திருப்பவர்களுக்கும், எடுக்க நினைப்பவர்களுக்கும், முக்கியமாக அந்தக் கடதாசிகளில் கையெழுத்து வைக்கிற உத்தியோகத்தர்களுக்கும் இது உதவவேண்டும்.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் பொதுமக்கள் வைத்திருக்கும் துவக்குகளை ஆளுவது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இடையில் பல திருத்தங்கள். 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைகளை நன்றாகக் கூட்டியது. தானியங்கித் துவக்கை அனுமதியில்லாமல் வைத்திருந்து அகப்பட்டால் ஆயுள்தண்டனை வரைக்கும் போகலாம். தோட்டம், வயல் காவலுக்கான சொட்கன் லைசன்ஸ் மாவட்டச் செயலகத்தால், எங்கள் ஆட்கள் சொல்வதுபோல் கச்சேரியால் கொடுபடுவது. தற்பாதுகாப்புக்குப் பிஸ்டல், ரிவோல்வர் வேண்டுமென்றால் பாதுகாப்பு அமைச்சு. எதுவானாலும் ஒரு வருட ஆயுள்தான். டிசம்பர் 31ஆம் திகதியோடு முடிந்துவிடும். அடுத்த வருடத்துக்கான புதுப்பிப்பு வழக்கமாக ஒக்டோபர் முதலாம் திகதி தொடங்கி டிசம்பர் கடைசி வரை நடக்கும். ஜனவரி முதலாம் திகதி காலையில் புதுப்பிக்காத துவக்கோடு எழும்புகிறவர், சட்டத்தின் கண்ணுக்கு லைசன்ஸ் இல்லாத துவக்கோடுதான் எழும்புகிறார்.

இந்த முறையில் கிராம அலுவலரின் பங்கு மிகச் சின்னது. ஆள் இந்த விலாசத்தில்தான் இருக்கிறார், நடத்தை இப்படி, தேவை உண்மையானது என்று எழுதிக் கொடுப்பது. அதன் மேல் பொலிஸ் அறிக்கை, பிரதேச செயலாளர், அதற்கு மேலே உள்ளவர்கள். இத்தனை பேர் பார்க்கிறார்களே, என் கையெழுத்தில் என்ன இருக்கிறது என்று நானும் நினைத்திருந்தேன்.

2014 டிசம்பர். யாழ்ப்பாண மாவட்டத்துத் தென்மராட்சியில் ஒரு பிரிவில் இருந்தேன். நல்ல மாரி. என் கந்தோர் வாசலில் சாக்கு விரித்துத்தான் ஆட்களை உள்ளே விடுவோம். எழுபது வயது தாண்டிய ஒரு பெரியவர் பொலித்தீன் பைக்குள் லைசன்ஸைச் சுற்றிக்கொண்டு வந்தார். இடப்பெயர்வுக் காலத்தில் வவுனியாவில் குடியிருந்து தோட்டம் செய்தவர். அங்கே காட்டுப்பன்றித் தொல்லைக்கென்று எடுத்த ஒற்றைக்குழல் சொட்கன். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பியபின் விலாசத்தை மாற்றி, வருடாவருடம் ஒழுங்காகப் புதுப்பித்துக்கொண்டு வந்தார். அந்த வருடத்துக்கு என் கடிதம் தேவை.

"துவக்கு எங்க அண்ணை?" என்று கேட்டேன்.

"வீட்டிலதான் தம்பி, அலுமாரியில."

அவருடைய வீட்டுக்குப் போகிற ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர் நிற்பது எனக்குத் தெரியும். மோட்டார் சைக்கிள் போகாது. மாதக் கடைசி வேறு. வெள்ள நிவாரணக் கணக்குகள் மேசை நிறையக் கிடந்தன. மனிதர் ஊரில் ஒருவருக்கும் தீங்கு நினைக்காதவர். கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்கு மரக்கறி கொண்டுவந்து இறக்குகிறவர். கையெழுத்து வைத்து, முத்திரையும் குத்திக் கொடுத்தேன்.

அடுத்த வருடம் வைகாசி மாதம்போல பரந்தனுக்கு அந்தப் பக்கம், இரவில் வேட்டைக்குப் போன நாலு பேரைப் பொலிஸ் மறித்தது. அவர்கள் கையில் இருந்த துவக்கு பெரியவருடையது. மருமகன் நெல்லுக் காவலுக்கென்று வாங்கிக்கொண்டு போய் ஒன்றரை வருடமாகியிருந்தது. அதாவது என் முன்னால் நின்று "அலுமாரியில" என்று சொன்னபோது அலுமாரியில் துவக்கு இல்லை. அவர் பொய் சொல்கிறோம் என்று நினைத்துச் சொல்லவில்லை. மருமகன் வீடும் தன் வீடுதான் என்பது அவருடைய எண்ணம். சட்டத்துக்கு அப்படி இல்லை. லைசன்ஸில் எந்தப் பெயர் இருக்கிறதோ அந்த ஆளின் பொறுப்பில்தான் துவக்கு இருக்கவேண்டும். மகனானாலும், மருமகனானாலும், காவலாளியானாலும் லைசன்ஸில் பெயர் இல்லாதவர் கையில் அது சட்டவிரோதத் துவக்கு.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். என் கடிதத்தை மேசையில் வைத்து, கையெழுத்தின் மேல் விரலை வைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இதை எழுதும்போது துவக்கைக் கண்டீங்களா?"

"இல்லை சேர்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. எழுதிக்கொண்டார்.

வழக்கு இரண்டு வருடத்துக்கு மேல் இழுபட்டது. பெரியவருக்குத் தொய்வு. தவணைக்குத் தவணை பஸ் ஏறி, இன்ஹேலரைச் சேர்ட் பையில் வைத்துக்கொண்டு, கோர்ட் வளவு வேப்பமர நிழலில் குந்தியிருப்பார். ஒருமுறை நானும் கூடப் போனேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். துவக்கு அரசுடைமையானது. வழக்கு முடிந்து கொஞ்சக் காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார்.

செத்தவீட்டில் அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதுதான் இத்தனை வருடமாக என்னோடு வருகிறது. "நீங்கள் அண்டைக்கு வீட்டை வாறன் எண்டு சொல்லியிருந்தா, அவர் அடுத்த பஸ்ஸில போய் துவக்கை வாங்கிக்கொண்டு வந்திருப்பார், தம்பி."

யோசித்துப் பார்த்தால் முழு முறையும் அந்த ஒரு வசனத்துக்குள் இருக்கிறது. நான் வீட்டுக்குப் போவதால் துவக்கைக் கண்டுபிடிப்பேன் என்பதில்லை. வருவேன் என்று தெரிந்தால் துவக்கு இருக்கவேண்டிய இடத்துக்குத் திரும்பி வந்துவிடும். வருடத்தில் ஒருநாள் அது யாரோ ஒருவர் கண்ணில் படுகிறது. அந்த ஒருநாளையும் நாங்கள் கடதாசியோடு முடித்துவிட்டால் மிச்ச முந்நூற்று அறுபத்துநாலு நாளுக்கும் காவல் இல்லை.

அதற்குப் பிறகு நான் துவக்கைக் காணாமல் ஒரு கடிதமும் எழுதவில்லை. போனால் நாலு விஷயம் பார்ப்பேன். இரும்பில் குத்தியிருக்கும் தொடரிலக்கம் லைசன்ஸில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறதா? பழைய சொட்கன்களில் அது தேய்ந்து, மெசின் ஒயிலும் தூசும் அடைத்துக் கிடக்கும். பழந்துணியால் துடைத்து, டோர்ச் வெளிச்சத்தைச் சரிவாகப் பிடித்தால்தான் தெரியும். தோட்டா எத்தனை வாங்கினார், எத்தனை மிச்சம், வெடித்தவை எதற்காக வெடித்தவை? துவக்கும் தோட்டாவும் வெவ்வேறு இடத்தில் பூட்டியிருக்கிறதா, சாவி எங்கே தொங்குகிறது? நாலாவது, அந்த வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள். இந்த நாலாவதைத்தான் எந்தப் படிவமும் சரியாகக் கேட்பதில்லை. என் அனுபவத்தில் முதல் மூன்றையும்விட அது பெரிது.

2018இல் நகரப் பக்கத்துக்கு மாற்றலாகி வந்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் வாள்வெட்டுக் குழுக்களின் ஆட்டம் உச்சத்தில் இருந்த காலம். ஆவா என்ற பெயர் பேப்பரில் வராத கிழமை இல்லை. முகத்தை மூடிக்கொண்டு நாலைந்து மோட்டார் சைக்கிளில் வருவார்கள். வாசல் கேற்றை வெட்டுவார்கள், யன்னல் கண்ணாடியை நொறுக்குவார்கள், வாகனத்துக்கு நெருப்பு வைப்பார்கள், போய்விடுவார்கள். அப்படி அடி வாங்கியவர்களில் ஒரு வியாபாரி என்னிடம் வந்தார். கடை முகப்பு முழுக்கக் கண்ணாடி. ஒரு இரவில் எல்லாம் போயிற்று. பிஸ்டல் லைசன்ஸுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், என் சிபாரிசு வேண்டும் என்றார். அவருடைய பயம் உண்மையானது. அதை நான் இன்றைக்கும் குறைத்துச் சொல்லமாட்டேன்.

"ஒரு கையெழுத்துத்தானே விதானையார்."

கிராம அலுவலருக்கு முன்பிருந்த விதானை முறையை 1963இல் எடுத்துவிட்டார்கள். இருந்தாலும் ஊரில் இன்னும் அந்தப் பெயர்தான். ஏதாவது காரியம் ஆகவேண்டும் என்றால் அது கொஞ்சம் கூடுதல் இனிமையாக வரும்.

"ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாறன்" என்றேன்.

போனேன். நல்ல பெரிய வீடு. அவர் மாடியில் அலுமாரியைத் திறந்து, இதற்குள்தான் வைப்பேன் என்று காட்டினார். மரக்கதவு, சின்னப் பூட்டு. மூன்று பிள்ளைகள், மூத்தவனுக்குப் பதினாறு இருக்கும். கீழே இறங்கி வந்தபோது அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார். வியாபாரிக்குப் போன் வந்து அவர் முற்றத்துக்குப் போன நேரம். அந்த அம்மா கோப்பையை வைத்துவிட்டு உடனே போகவில்லை. தட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, அதுக்கு லைசன்ஸ் குடுத்தா, பிறகு திருப்பி எடுப்பினமோ?"

"ஏன் பிள்ளை கேக்கிறீங்கள்?"

"இல்லை, சும்மா கேட்டனான்."

முற்றத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தார். உள்ளே போய்விட்டார். மணிக்கட்டில் ஒரு பழைய தழும்பு இருந்தது. அது எதனால் வந்தது என்று நான் கேட்கவும் இல்லை, ஊகித்து எழுதவும் இல்லை. ஆனால் அடுத்தநாள் பழைய முறைப்பாட்டுப் பதிவுகளைப் பார்த்தேன். எனக்கு முன் இருந்தவர் எழுதிய இரண்டு பதிவு இருந்தது, இரண்டும் குடும்பச் சண்டை, இரண்டும் சமாதானமாய்ப் போனது.

அறிக்கையில் கண்டதை மட்டும் எழுதினேன். பாதுகாப்பாக வைக்க இரும்புப்பெட்டி இல்லை. வயது குறைந்த பிள்ளைகள் மூவர். இன்ன திகதியிலும் இன்ன திகதியிலும் குடும்பப் பிணக்கு முறைப்பாடு. விண்ணப்பதாரருக்குக் கடைச் சேதம் உண்மை, அதற்கான பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் இது. சிபாரிசு செய்கிறேன் என்றோ செய்யவில்லை என்றோ எழுதவில்லை. மேலே முடிவெடுக்கிறவர்களுக்குத் தேவையானது அதில் இருந்தது. அந்த அம்மா பேசியதை எழுதவில்லை. எழுதினால் அந்தக் கடதாசியின் பிரதி எந்த வழியாலாவது வீட்டுக்குப் போய்ச்சேரும் என்பது எனக்குத் தெரியும். இளம் உத்தியோகத்தர்கள் இதை மனதில் வைக்கவேண்டும்: வீட்டுப் பெண்கள் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் அவர்களைச் சாட்சியாக்கிவிட்டு வராதீர்கள். அவர்கள் பயத்துக்கு வேறு ஆதாரம் தேடுங்கள். பெரும்பாலும் எங்கள் சொந்தப் பதிவேட்டிலேயே கிடக்கும்.

விண்ணப்பம் திரும்பி வந்தது. வியாபாரி இரண்டு வருடம் என்னோடு கதைக்கவில்லை. ஊர்ப் பிரமுகர் ஒருவர் போனில் எடுத்து, தமிழன் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்கும் நீங்களே தடையா என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னை நோகடித்தது. எண்பதுகளில் இருந்து எங்கள் ஊர் ஆயுதத்தால் பட்டதெல்லாம் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் இன்னொரு வீட்டுக்குள் அதை அனுப்புவதற்கு முன் அந்த வீட்டைப் பார்க்கிறேன் என்று சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

தற்பாதுகாப்பு என்ற சொல்லைப் பலர் தவறாக விளங்கிவைத்திருக்கிறார்கள். லைசன்ஸ் கிடைத்தால் சுடவும் உரிமை கிடைத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். வைத்திருக்க அனுமதி வேறு, பாவிப்பது வேறு. தற்காப்பு உரிமை தண்டனைச் சட்டக்கோவையின் 89ஆம் பிரிவிலிருந்து 99 வரைக்கும் இருக்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. பொலிஸின் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை. வாசல் கேற்றை வெட்டிவிட்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டால், நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்கப்போவது சுட்டவர்தான். அந்த வியாபாரி பிறகு கமரா பூட்டினார், முகப்புக்கு இரும்பு ஷட்டர் போட்டார், முற்றத்துக்குப் பெரிய லைற் போட்டார். அக்கம்பக்கத்துக் கடைக்காரரோடு சேர்ந்து ஒரு காவலாளியையும் வைத்தார்கள். கடை இப்போதும் நடக்கிறது.

இன்னொரு விதமான கடதாசியும் என்னிடம் வந்ததுண்டு. துவக்கே இல்லாத லைசன்ஸ். எங்கள் ஊரில் பழைய குடும்பங்கள் பலதில் ஒரு சொட்கன் இருந்தது. வௌவாலுக்கும் குரங்குக்கும் வெடி வைப்பார்கள். எண்பதுகளில் இயக்கப் பொடியள் இரவில் வந்து படலையைத் தட்டி, "ஐயா, துவக்கைத் தாங்கோ" என்று வாங்கிக்கொண்டு போனார்கள். என் அப்பாவின் துவக்கும் அப்படித்தான் போனது. லைசன்ஸ் மட்டும் காணி உறுதிகளோடு ட்ரங்குப்பெட்டியில் கிடந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு சனம் முழுக்க யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தால் வெளிக்கிட்டபோதும் அந்தப் பெட்டி எங்களோடு வந்தது.

2012இல் எண்பது வயது கடந்த ஒரு அம்மா, காலமான தன் கணவரின் லைசன்ஸைக் கொண்டுவந்தார். மஞ்சளித்து, மடிப்பில் கிழிந்து, சோற்றுப்பசை போட்டு ஒட்டியிருந்தது. வீடு திருத்த மேசன்மார் வரப்போகிறார்களாம். இதை அவர்கள் கண்டால், துவக்கு எங்கே என்று தன்னைக் கேட்பார்களோ என்று பயம். எரித்துவிடலாமா என்று கேட்டார். எரிக்கவேண்டாம் அம்மா என்றேன். கணவரின் மரணச் சான்றிதழோடு அவரைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என்ன நடந்தது, எந்தக் காலத்தில், யாரும் பதிந்தார்களா என்று வாக்குமூலம் எழுதுவித்து, முறைப்பாட்டின் பிரதியை எடுத்துக் கொடுத்தேன். அரை நாள் வேலை. அந்த அம்மா பிரதியை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார். துவக்கு தொலைந்தாலும், களவு போனாலும், பறிபோனாலும் பதிவு இருக்கவேண்டும். காலம் கடந்துவிட்டதே என்று விடவேண்டாம்.

லைசன்ஸ்காரர் இறந்துவிட்டால் துவக்கு காணிபோல முதுசமாக இறங்காது. அவருடைய லைசன்ஸ் அவரோடு முடிந்தது. பிள்ளைகள் அதை அப்பாவின் ஞாபகத்துக்கென்று அலுமாரியில் வைத்திருந்தால் அது லைசன்ஸ் இல்லாத துவக்கு. அந்தியேட்டி முடியும்வரைக்கும் காத்திருக்காமல் பொலிஸில் அறிவித்து ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வேண்டுமென்றால் உரியவர் தன் பெயரில் பிறகு விண்ணப்பிக்கட்டும்.

கிணறு வெட்டும்போதோ, இடிந்த வீட்டைத் துப்புரவாக்கும்போதோ ஆயுதம் வெளிப்பட்டால் அதற்கும் சொல்லிவிடுகிறேன். கையால் தொடவேண்டாம், இடம் மாற்றவேண்டாம். திரும்பப் புதைக்கவே வேண்டாம். 119க்கு எடுங்கள், கிராம அலுவலரைக் கூப்பிடுங்கள். சனத்துக்கு ஏன் பயம் என்று எனக்குத் தெரியும். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தால் எங்கள் வீடுகள் எத்தனை பிள்ளைகளை இழந்தன என்பதை நான் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதனால் தனியாகப் போகாதீர்கள். கிராம அலுவலர், முடிந்தால் ஒரு சட்டத்தரணி, காணியில் வேலை செய்த மேசன் எல்லோருமாய்ப் போய், கண்ட நேரத்தையும் அறிவித்த நேரத்தையும் எழுதுவியுங்கள். சொல்லாமல் விட்டது பிறகு தெரியவந்தால் அதை விளக்குவதுதான் கஷ்டம்.

2024 கடைசியில் நான் ஓய்வில் இருந்தேன். தற்பாதுகாப்புக்கென்று பொதுமக்களுக்குக் கொடுத்த துவக்குகளை மீளாய்வு செய்யவேண்டும், எல்லோரும் தற்காலிகமாக ஒப்படையுங்கள் என்று பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. நவம்பர் 7ஆம் திகதி என்றார்கள், பிறகு 20ஆம் திகதி வரை நீட்டினார்கள். கொண்டுபோய்க் கொடுக்கவேண்டிய இடம் கடற்படையின் கீழ், கொழும்புக்குப் பக்கத்து வெலிசறையில். பக்கத்து ஒழுங்கையில் கட்டட ஒப்பந்தகாரர் ஒருவர் இருக்கிறார், பல வருடமாகப் பிஸ்டல் வைத்திருப்பவர். இரவு பத்து மணிக்கு வந்து கதவைத் தட்டினார்.

"அண்ணை, களவெடுக்கிறவன், கொலை செய்யிறவன் ஒருத்தனுக்கும் லைசன்ஸ் இல்லை. அவங்களை விட்டுட்டு ஏன் எங்களைப் பிடிக்கினம்?"

கோபம் நியாயம். அடுத்த பெப்ரவரியில், 2025 பெப்ரவரி 19ஆம் திகதி, சட்டப் புத்தகத்தின் நடுவைக் குடைந்து துவக்கை ஒளித்துக்கொண்டு வந்து கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே ஒருவரைச் சுட்டார்கள். எந்தப் படிவமும் அப்படியானவனை மறிக்கப் போவதில்லை. ஆனால் அவரிடம் நான் திருப்பிக் கேட்டேன்: "உங்கட பிஸ்டலைக் கடைசியா எப்ப எடுத்துப் பார்த்தனீங்கள்?" யோசித்தார். தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது என்றார். பத்து மாதம். இடையில் வீட்டில் ஓடு மாற்றினார்கள், வேலைக்காரர் வந்து போனார்கள், வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்து ஒன்றரை மாதம் நின்றார்கள். அந்தப் பத்து மாதமும் அது அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது என்று அவர் நம்புகிறார். அவ்வளவுதான். ஒழுங்கானவரின் துவக்கு களவு போனால் அதுவும் லைசன்ஸ் இல்லாத துவக்குகளின் கூட்டத்தில்தான் போய்ச் சேரும்.

அன்றிரவே அவர் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தோம். இருந்தது. இலக்கம் பொருந்தியது. தோட்டாவில் இரண்டு குறைந்தது. வாங்கிய புதிதில் பழகிப் பார்க்கச் சுட்டது என்றார். எங்கும் எழுதி வைக்கவில்லை. அடுத்தநாள் காலை லைசன்ஸ், அடையாள அட்டை, அமைச்சின் அறிவித்தல் மூன்றிலும் மூன்று மூன்று பிரதி எடுத்தோம். எங்கள் பொலிஸ் நிலையத்தில், இன்ன திகதி இன்ன வாகனத்தில் கொண்டுபோகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிப் பதிவு போட்டோம். தோட்டா வேறு பெட்டி, பிஸ்டல் வேறு பெட்டி, இரண்டும் பூட்டி, சாவி அவர் கழுத்துச் சங்கிலியில். நானூறு கிலோமீற்றர். ஏ9 வீதியில் விடிய வெளிக்கிட்டோம். ஓரிடத்தில் மறித்துச் சோதித்தார்கள். வண்டியை நிறுத்தியதும் அவர் முதல் வசனமாக, "சேர், வாகனத்தில லைசன்ஸ் உள்ள துவக்கு ஒண்டு இருக்கு, ஒப்படைக்கக் கொண்டு போறம்" என்று சொல்லிவிட்டுக் கைகளை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார். கடதாசிகளைப் பார்த்து விட்டுவிட்டார்கள். சோதனையில் அவர்களாகக் கண்டெடுத்த பிறகு சொல்லியிருந்தால் அன்று வெலிசறைக்குப் போயிருக்கமாட்டோம்.

பற்றுச்சீட்டில் இலக்கம், தோட்டா எண்ணிக்கை, திகதி மூன்றும் சரியா என்று கவுண்டரை விட்டு நகர முதல் பாருங்கள். எங்களுடையதில் ஒரு இலக்கம் மாறியிருந்தது. சுட்டிக்காட்டியதும் திருத்திச் சுருக்கொப்பம் வைத்துத் தந்தார்கள்.

திரும்பி வந்து இரண்டு கிழமைக்குப் பிறகு அவருடைய மனைவியை வழியில் கண்டேன். முன்பெல்லாம் இரவில் கதவு சத்தம் கேட்டால் இவர் பெட்டிப் பக்கம் போவாராம், இவருக்கு முன்னால் தான் எழும்பவேண்டும் என்று அரை நித்திரையாகவே கிடப்பாராம். இப்போது நாய் குரைத்தால் லைற்றைப் போட்டுப் பார்த்துவிட்டுப் படுக்கிறார்கள்.

நான் இருந்த பழைய பிரிவுக்கு இப்போது ஒரு பிள்ளை கிராம அலுவலராக வந்திருக்கிறாள். வயது முப்பதும் இல்லை. போன மார்கழியில் என்னிடம் வந்தாள். ஓய்வுபெற்ற ஒருவரின் தோட்டக் காவல் சொட்கன், புதுப்பிப்புக்கு வந்திருக்கிறது. "ஐயா, மேசையில நூறு வேலை கிடக்கு. இதுக்குக் கட்டாயம் வீட்டை போகவேணுமோ?" என்று கேட்டாள். நான் தென்மராட்சிப் பெரியவரின் கதையைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கேட்டுவிட்டுப் போனாள். பின்னேரம் நாலரை மணிக்குப் போன் அடித்தது. அந்த வீட்டு விறாந்தையிலிருந்து பேசினாள். பின்னால் மழைச் சத்தம்.

"ஐயா, லைசன்ஸில 3 எண்டு இருக்கு. துவக்கில 8 மாதிரித் தெரியுது."

"துணியால துடைச்சனீங்களோ?"

"ஓம் ஐயா, ரெண்டு தரம்."

"அப்ப கையெழுத்து வைக்காதேங்கோ, பிள்ளை. படம் எடுங்கோ. அவரையும் பக்கத்தில நிக்கச் சொல்லி, இப்பவே பொலிஸுக்கு ஒருக்கா எடுங்கோ."

"சரி ஐயா" என்றாள். போனை வைக்காமலே உள்ளே திரும்பி, அந்த மனிதரிடம் டோர்ச் கேட்கிற சத்தம் எனக்குக் கேட்டது.